நாலாவது சீட்டும் ‘அட்ஜஸ்ட்’ என்ற ஒரு சொல்லும்

1

ஊரிலிருந்து யார் போன் செய்தாலும், நலம் விசாரித்து, மழை விசாரித்து, கடைசியில் இந்தக் கேள்விக்கு வந்துவிடுவார்கள்: “அந்தக் கூட்டத்துல எப்பிடித்தான் இருக்கியளோ?”

நானும் ஒரே பதிலைத்தான் வைத்திருக்கிறேன். “அட்ஜஸ்ட் பண்ணி இருக்கோம்.”

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மும்பைக்கு வந்து இந்த ஆவணியோடு இருபத்தெட்டு வருஷம். முதலில் தாராவி, இப்போது செம்பூர். மாட்டுங்கா மார்க்கெட்டில் ரவிக்கை தைத்து, சேலைக்கு ஃபால் வைத்துக் கொடுக்கிற சின்னக் கடை என்னுடையது. என் வீட்டுக்காரர் தாராவியில் ஒரு பெல்ட் பட்டறையில் மேற்பார்வை பார்க்கிறார். ஒரே மகள், நித்யா. இவ்வளவுதான் நாங்கள்.

நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தேன். என் இங்கிலீஷும் இந்தியும் மராத்தியும் ரயிலில் கேட்டது, கடை வாசலில் பிடித்தது. அப்படிக் கற்ற சொற்களில் முதல் சொல் அட்ஜஸ்ட். இந்த ஊரில் பிழைக்க அந்த ஒரு சொல் போதும் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். என் மகளுக்கு வந்த சம்பந்தம் ஒன்று அந்தச் சொல்லில் ஏறி, ஒரு ரயில் பெட்டிக்குள் கவிழப் பார்த்த பிறகுதான் அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். அதைத்தான் எழுதுகிறேன்.

2

மும்பை ரயிலில் மரப்பலகை மாதிரி நீளமான சீட் இருக்கும். மூன்று பேருக்கு என்று போட்டது. ஆனால் நாலு பேர் உட்கார வேண்டும் என்பது சட்டத்தில் இல்லாத சட்டம். நாலாவதாக வருகிறவள் ஓரத்தில் பாதி உடம்பை வைத்துக்கொள்வாள். மீதி உடம்பு நடைபாதையில் தொங்கும். “தோடா அட்ஜஸ்ட்”, கொஞ்சம் அட்ஜஸ்ட், என்று சொன்னால் போதும். மூன்று பேரும் மூச்சை உள்ளே இழுத்து நெருங்குவார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு நெருங்குவார்கள், முணுமுணுத்துக்கொண்டு நெருங்குவார்கள், ஆனால் நெருங்குவார்கள். ‘மனசிருந்தா புளிய இலையில ரெண்டு பேர் படுக்கலாம்’ என்று நம் பக்கம் சொல்வார்களே, அதை இந்த ஊரில்தான் நான் கண்ணால் பார்த்தேன். இங்கே மனசு இல்லாவிட்டாலும் படுக்கலாம்.

அங்கே அட்ஜஸ்ட் என்றால் தள்ளி உட்கார்.

என் கடைக்கு ஒரு அம்மா வருவார். வரும்போதே மூச்சிரைக்கும். “நாளைக்கு சாயங்காலம் ஃபங்ஷன், ரெண்டு ரவிக்கை, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக் குடும்மா.” அங்கே அதற்கு, உன் தூக்கத்தில் கொஞ்சம் எனக்குக் கொடு என்று பொருள். எங்கள் கட்டடத்தில் தண்ணீர் வராத நாளில் செக்ரட்டரி மாடிப்படியில் நின்று சொல்வார், “ஆஜ் அட்ஜஸ்ட் கரோ.” அதாவது பொறுத்துக்கொள், என்னைத் திட்டாதே. கண்ணாடிக் கடைக்காரர் காதுப் பக்கம் கம்பியை வளைத்துவிட்டு “அட்ஜஸ்ட் ஆயிடுச்சா?” என்பார். அவருக்கு அது பொருந்திவிட்டதா என்ற கேள்வி. சினிமா உலகத்தில் இந்தச் சொல்லுக்கு ஒரு அசிங்கமான பொருளும் உண்டு. அதை நீங்களே அறிவீர்கள், நான் எழுதமாட்டேன்.

இவ்வளவு அட்ஜஸ்ட் நடக்கிற ஊரில் அட்ஜஸ்ட் ஆகாத இடம் ஒன்று உண்டு. அது சர்க்கார் ஆபீஸ் கவுன்ட்டர். என் பெயர் ஒரு அட்டையில் அப்பா பெயரோடு இருக்கிறது, இன்னொரு அட்டையில் புருஷன் பெயரோடு இருக்கிறது. நான் ஒருத்திதான் என்று சொன்னேன். கவுன்ட்டரில் இருந்தவர் என் முகத்தைப் பார்க்காமல், “தோ ஔரத் ஹை” என்றார். இரண்டு பெண்கள் இருக்கிறார்களாம். மூன்று முறை போனேன். மூன்றாவது முறை அவரிடமே சொன்னேன், “சாப், ரெண்டு பேரும் வந்திருக்கோம், சீக்கிரம் முடிச்சுக் குடுங்க.” சிரித்துவிட்டார். ஆனாலும் செய்து கொடுக்கவில்லை.

எங்கள் தையல் வேலையில் அட்ஜஸ்டுக்கு நல்ல பொருள் உண்டு. ரவிக்கை தைக்கும்போது பக்கவாட்டில் உள்ளே இரண்டு விரல் துணி விட்டுத்தான் தைப்போம். வெளியே தெரியாது. பிற்பாடு உடம்பு போட்டால் தையலைப் பிரித்து விட்டுக்கொள்ளலாம். விடாமல் ஒட்ட வெட்டித் தைத்தவன் ரவிக்கை முதல் நாள் அழகாக இருக்கும். ஒரு தீபாவளி தாண்டினால் பழைய துணிக்குப் பாத்திரம் தருகிறவளுக்குத்தான்.

இத்தனைக்கும் தமிழில் தனித்தனிச் சொல் இருக்கிறது பாருங்கள். ஒதுங்கு, நெருங்கு, பொறு, சமாளி, ஒப்பேத்து, சரிக்கட்டு, விட்டுக்கொடு, அனுசரி. எட்டுப் பாத்திரத்துக்கு எட்டு மூடி. இங்கிலீஷில் ஒரே தட்டை எல்லாவற்றுக்கும் கவிழ்த்து வைக்கிறோம். உள்ளே என்ன வேகிறது என்று தெரிவதில்லை.

3

நித்யாவுக்கு மாப்பிள்ளை தேட நாங்கள் ரொம்ப அலையவில்லை. சொந்தத்தில் ஒருவர் சொன்னார். பையன் பெயர் குமார். அவனும் நம் பக்கம்தான், இப்போது கார்கரில் வீடு எடுத்துத் தங்கி, துறைமுகத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். இரண்டு பேரும் போனில் பேசட்டும் என்று விட்டோம். நாலைந்து மாதம் பேசினார்கள்.

என் மகள் தமிழ் பேசுவாள், ஆனால் இந்திச் சாலையில் ஓட்டுகிற தமிழ். படிக்கச் சொன்னால் கடை போர்டைக்கூடப் பாதியில் விட்டுவிடுவாள். சின்ன வயதில் நான் எழுத்துச் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தால், “மா, ஸ்கூல்ல மராத்தி, இந்தி, இங்கிலீஷ், இதுல நாலாவதா?” என்பாள். நாலாவது சீட்டு அங்கேயும். நானும் விட்டுவிட்டேன்.

குமார் தமிழ் எழுத்தில்தான் மெசேஜ் அனுப்புவான். இவள் அதை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டுவாள். ஒருநாள் சமையல்கட்டில் வந்து நின்றாள். “மா, இது சின்ன ர-வா பெரிய ற-வா?” போனைக் காட்டாமல், அந்த ஒரு எழுத்தை மட்டும் விரலால் காற்றில் எழுதிக் காட்டினாள். சின்ன வயதில் நான் கெஞ்சியும் படிக்காத எழுத்து. அந்த முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்தச் சம்பந்தம் தட்டிப் போனால் இவள் அழமாட்டாள், ஆனால் ரொம்ப நாளைக்குப் பேசாமல் இருப்பாள் என்று.

குமாருடைய அம்மா ஊரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பெயர் சொர்ணம். அப்பா இல்லை, அம்மா சொல்தான் அந்த வீட்டில் கடைசிச் சொல். தாம்பூலம் மாற்றுவதா வேண்டாமா என்பது அவர்கள் வாயில் இருந்தது.

4

வந்த அன்று அவர்களை மாட்டுங்காவுக்குக் கூட்டிப் போனேன். கோவிலுக்குப் போய்விட்டு என் கடைக்கு வந்தோம். கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் வெச்சிருக்கிய மதினி,” என்று சொல்லி, பையிலிருந்து ஒரு பட்டுத் துணியை எடுத்துக் கொடுத்தார்கள். “எங்க அண்ணன் பேரன் கல்யாணத்துக்குக் கட்டணும். ஒங்க கையால ஒரு ரவிக்கை தெச்சுத் தாங்க.” இன்னும் சம்பந்தம் முடியாத வீட்டில் ரவிக்கைக்குத் துணி கொடுப்பது நல்ல சகுனம் என்று மனசு குளிர்ந்தது எனக்கு.

பிறகு செம்பூரில் எங்கள் வீட்டில் காப்பி. முறுக்கைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே கேட்டார்கள். “மதினி, ஒங்க மவ ஒத்தைக்கு ஒரு புள்ள. செல்லமா வளந்திருப்பா. அட்ஜஸ்ட் பண்ணிப் போவாளா?”

“போவா மதினி,” என்றேன். பெண்ணைப் பெற்றவள் வேறு என்ன சொல்வாள்.

சாயங்காலம் அவர்களைக் கார்கரில் குமார் வீட்டில் கொண்டுவிட வேண்டும். நித்யாவும் கூட வருவதாக ஏற்பாடு. அவளுக்கு ஆபீஸ் கோட்டைப் பக்கம். வி.டி. ஸ்டேஷனில் பன்வேல் ரயில் ஏறி வருவாள், நாங்கள் செம்பூரில் அதே ரயிலில், அதே லேடீஸ் பெட்டியில் ஏறிக்கொள்வது என்று போனில் பேசிவைத்தோம்.

இங்கே ஊர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். லேடீஸ் பெட்டியில் நிற்கிறவள் சும்மா நிற்கமாட்டாள். உட்கார்ந்திருக்கிறவளிடம் “கஹாங் உத்ரோகே?” என்று கேட்பாள். எங்கே இறங்குவாய்? அவள் ஒரு ஸ்டேஷன் பேர் சொல்லிவிட்டால் அந்த இடம் கேட்டவளுக்கு எழுதினது மாதிரி. சாட்சி கிடையாது, சீட்டுக் குலுக்கல் கிடையாது. முதலில் கேட்டவளுக்குத்தான். பக்கத்திலேயே ஒருத்தி ஒட்டி நின்றாலும் அவள் உட்காரக் கூடாது. அப்படி உட்கார்ந்தால் பெட்டியே சேர்ந்து திட்டும்.

நித்யா வி.டி.யிலேயே ஏறியதால் அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. வடாலாவில் ஒரு மராத்திக்காரம்மா ஏறியிருக்கிறார். இரண்டு கையிலும் பை. இவளிடம் கேட்டிருக்கிறார், எங்கே இறங்குவாய் என்று. இவள் போனைப் பார்த்துக்கொண்டே “செம்பூர்” என்று சொல்லிவிட்டாள். தினமும் சொல்கிற பதில். அன்றைக்குக் கார்கர் வரை போகவேண்டும் என்பது நாக்குக்குத் தெரியவில்லை.

சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்திருக்கிறது. செம்பூருக்கு முந்தின ஸ்டேஷன் திலக் நகர் வந்ததும் வழக்கமாக எழுந்து இடத்தைக் கொடுத்துவிட வேண்டும். மதினி ஏறப்போகிறார்களே என்ற குழப்பத்தில் இவள் எழவில்லை. அந்த அம்மா சீட்டின் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். செம்பூரில் நானும் சொர்ணம் மதினியும் முட்டி மோதி ஏறினோம். மதினிக்கு முழங்கால் வலி. மேடை உயரத்துக்கும் ரயில் உயரத்துக்கும் நடுவில் ஒரு கணம் அவர்கள் முகம் சுருங்கினதை நித்யாவும் பார்த்தாள்.

எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். மதினி அந்த இடத்தை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்தார்கள். நித்யா அந்த மராத்திக்காரம்மாவின் பையை வாங்கிக்கொண்டு, “பைட்டியே,” என்று அவரை உட்காரவைத்தாள்.

எடுத்து வைத்த அடியை மதினி திருப்பி எடுத்துக்கொண்டார்கள்.

என்ன நடந்தது என்று எனக்குப் புரிந்தது. இருபத்தெட்டு வருஷ ரயில் அனுபவம். ஆனால் அந்த நெருக்கத்தில், பத்துப் பேர் முழங்கைக்கு நடுவில் எதை எடுத்துச் சொல்வது. நான் அந்தப் பெஞ்சைப் பார்த்து “தோடா அட்ஜஸ்ட்” என்றேன். மூன்று பேரும் நெருங்கினார்கள். மதினி நாலாவதாக ஓரத்தில் உட்கார்ந்தார்கள். பாதிதான் உட்கார முடிந்தது. கால் கட்டைவிரலை ஊன்றிக்கொண்டு, இடித்துப் போகிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் தோளைக் குறுக்கிக்கொண்டு, கார்கர் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. நித்யா பக்கத்திலேயே நின்றாள். “அத்தை, தண்ணி வேணுமா?” என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்கள்.

5

இரண்டு நாள் கழித்துச் சொந்தக்காரர் மூலம் செய்தி வந்தது. “பெரியவ ஒருத்தி முட்டி வலியோட நிக்கேன். எந்திரிச்ச புள்ள எனக்குக் குடுக்காம எவளுக்கோ எடத்தக் குடுத்துட்டு நிக்குது. நாளைக்கு வீட்டுக்குள்ள என்னத்த அட்ஜஸ்ட் பண்ணப் போவுது? யோசிச்சுச் சொல்லுதோம்.”

யோசித்துச் சொல்கிறோம் என்றால் நம் பக்கம் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரர் சாந்தமானவர். அவரே கேட்டார். “ஏட்டி, அந்தப் பொம்பளகிட்ட ‘எங்க அத்தைக்குக் கால் வலி’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா குடுத்திருக்க மாட்டாளா?”

“குடுத்திருப்பாங்கப்பா,” என்றாள் நித்யா. “அதனாலதான் கேக்கல.”

“என்னது?”

“கேட்டா மாட்டேன்னு சொல்ல முடியாதுல்ல அவங்களால? நாள் பூரா நின்னு வேலை செஞ்ச கால்னு பார்த்தாலே தெரிஞ்சது. நான்தான் தப்பா செம்பூர்னு சொல்லிட்டேன். என் தப்புக்கு அவங்க ஏன் நிக்கணும்? நான் நின்னேன்ல?”

“நீ நின்ன சரி. அத்தையும்லா கால் வலியோட ஓரத்துல தொத்திக்கிட்டு வந்தாக.”

அவள் தட்டைப் பார்த்தாள். அது மட்டும் அவளுக்குச் சுட்டிருந்தது.

நான் ஒரு வழி சொன்னேன். “போன் போட்டு ஒரு ஸாரி சொல்லிரு. பெரியவங்கதானே. அட்ஜஸ்ட் பண்ணிட்டுப் போ.”

“எந்த அட்ஜஸ்ட், மா?” என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. கணக்கில் சந்தேகம் கேட்கிற பிள்ளை மாதிரி கேட்டாள். “தள்ளி உக்காரச் சொன்னா உக்காருவேன். இருக்கறத ரெண்டாக்கச் சொன்னா ஆக்குவேன். சொன்ன வார்த்தையை மாத்தறதுக்கும் அதே பேர்தானா? அவங்க கால் வலிச்சதுக்கு ஸாரி சொல்றேன். சீட்டுக்கு சொல்லமாட்டேன்.”

சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அவர் மெதுவாகச் சொன்னார், “ஒன்னையத்தான் கொண்டிருக்கா.” அது பாராட்டா, பழியா என்று இன்றுவரை அவரிடம் கேட்கவில்லை.

அவள் அறையில் போன் இரண்டு முறை அதிர்ந்து அடங்கியது. எடுக்கவில்லை. எழுத்துக் கூட்டுகிற சத்தமும் அன்றைக்கு இல்லை.

6

அடுத்த வாரம் சொர்ணம் மதினி கடைக்கு வந்தார்கள். குமார் காலையில் வேலைக்குப் போகிற வழியில் வாடகைக்காரில் கொண்டுவிட்டுப் போனான். போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ரவிக்கை வாங்கத்தான் வந்ததாகச் சொன்னார்கள். ஆனால் கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. வேண்டாம் என்பதைப் போனில் சொல்வது மரியாதை இல்லை என்று நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு ஒரு முறை உண்டு. நேரில் வந்து, பழம் கொடுத்து, மனசு நோகாமல் சொல்லிவிட்டுப் போவார்கள். பழத்தைப் பார்க்காத மாதிரி ரவிக்கையை எடுத்து நீட்டினேன்.

ரவிக்கையைப் போட்டுப் பார்த்தார்கள். கையில் கொஞ்சம் பிடித்தது. “ஒரு பத்து நிமிஷம் இருங்க மதினி,” என்று வாங்கி, உள்ளே விட்டிருந்த துணியில் அரை விரல் பிரித்துத் திரும்ப ஓட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள். அதற்குள் ஒரு வாடிக்கை உள்ளே வந்தது. அது போனதும் இன்னொன்று. சாயங்காலம் வரை இப்படியே போனது. “சரி, போற வழியில பேசிக்கிடுவோம்,” என்றார்கள்.

கடையைச் சாத்திவிட்டு நானே கார்கர் வரை கொண்டுவிடுவதாகச் சொன்னேன். மாட்டுங்காவிலிருந்து குர்லா, குர்லாவில் லைன் மாறிப் பன்வேல் ரயில். குர்லாவைப் பற்றி என்ன சொல்ல. ஏறுகிற வேலையை நாம் செய்யவேண்டாம், கூட்டமே ஏற்றிவிடும். ஏற்றியது. ஆனால் என்னை ஒரு பக்கமும் மதினியை ஒரு பக்கமும் தள்ளிவிட்டது. நடுவில் இருபது தலை. எட்டிப் பார்த்தால் அவர்கள் கொண்டையும் மல்லிகைச் சரமும்தான் தெரிந்தது.

செம்பூர் போனது. நான் குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்தேன். மதினி குனிந்து, காதில் ஒயர் மாட்டியிருந்த ஒரு காலேஜ் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் குரல் கனத்த குரல், பெட்டி முழுக்கக் கேட்கும். “எம்மா, நீ எங்கன எறங்குவே?”

பச்சைத் தமிழ். அந்தப் பெண்ணுக்கு ஒரு எழுத்துப் புரிந்திருக்காது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பாஷை வேண்டாம். நிற்கிறவள் உட்கார்ந்தவளிடம் வேறு எதைக் கேட்கப் போகிறாள். ஒயரைக் கழற்றிவிட்டு, “மான்குர்ட்,” என்றாள். மதினி தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்கள். அந்தப் பெண் தலையாட்டினாள்.

அன்றைக்கு ஓரத்தில் பாதி உட்கார்ந்துகொண்டு வாயைத் திறக்காமல் வந்தவர்கள், கண்ணைத் திறந்துதான் வந்திருக்கிறார்கள்.

கோவண்டியில் இன்னும் ஒரு அலை ஏறியது. அந்த அலை மதினியை அடுத்த பெஞ்சுப் பக்கம் ஒதுக்கிவிட்டது. காலேஜ் பெண்ணின் முழங்காலை ஒட்டி, மருதாணி பூசிய தலையோடு ஒரு பெரியம்மா வந்து நின்றார். மதினியைவிட வயது ஜாஸ்தி. மான்குர்ட் வந்தது. காலேஜ் பெண் எழுந்தாள். அந்தப் பெரியம்மா உட்கார உடம்பைத் திருப்பினார். அந்தப் பெண் கையைக் குறுக்கே நீட்டிச் சீட்டை மறித்தாள்.

“நஹி ஆன்ட்டி. உன்ஹோனே பெஹ்லே பூச்சா ஹை.” இல்லை ஆன்ட்டி, அவங்கதான் முதல்ல கேட்டாங்க.

அவள் இறங்கவேண்டிய ஸ்டேஷன் அது. வாசலில் இறங்குகிற கூட்டம் நகர ஆரம்பித்துவிட்டது. ஆனாலும் கையை எடுக்காமல் நின்றாள். “ஆன்ட்டி, ஆவோ, ஆவோ,” என்று மதினியைக் கூப்பிட்டாள். மதினி கூட்டத்தைப் பிளந்துகொண்டு, இரண்டு பேர் காலை மிதித்து, வந்து சேர்ந்தார்கள். உட்கார்ந்த பிறகுதான் அந்தக் கை விலகியது. வண்டி கிளம்புவதற்குள் அந்தப் பெண் குதித்து இறங்கிப் போய்விட்டாள். மதினி நன்றி சொல்லத் திரும்பினபோது அங்கே ஆள் இல்லை.

அவர்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்கள். பிறகு தலையைத் தூக்கி எதிரில் நின்ற மருதாணிப் பெரியம்மாவைப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த இருவரைப் பார்த்தார்கள். கையால் காற்றை ஒதுக்குகிற மாதிரி ஒரு சைகை செய்து, அவர்களுக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷைச் சொன்னார்கள்.

“அட்ஜஸ்ட்.”

மூன்று பேரும் நெருங்கினார்கள். பெரியம்மா நாலாவதாக உட்கார்ந்தார்.

வண்டி கழிமுகப் பாலத்தில் ஏறியது. அந்தப் பாலத்தில் காற்று நன்றாக வரும். எப்படிப்பட்ட கூட்டத்திலும் அந்த இடத்தில் பேச்சு கொஞ்சம் குறையும். வாஷியில் பாதிப் பெட்டி காலியானது. நான் போய் மதினிக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

“மதினி,” என்றார்கள். “நான் இன்னைக்கி ஒரு சோலியாத்தான் வந்தேன்.”

“தெரியும் மதினி.”

“தெரிஞ்சுமா தையலப் பிரிச்சு விட்டிய?”

“அந்தச் சோலி வேற, இந்தச் சோலி வேற.”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். “அந்தப் புள்ள யாரு எவருன்னு தெரியாது. நான் பேசுன பேச்சும் அதுக்கு வெளங்கல. ஆனா எனக்குன்னு எடத்த மறிச்சுக்கிட்டு நின்னுச்சு பாத்தியளா. வண்டி கெளம்பியிருந்தா எறங்கவும் முடியாது அதுக்கு.” என் பக்கம் திரும்பினார்கள். “அன்னைக்கி ஒங்க மவ எந்திரிச்சதும் இதே கதையா?”

“இதே கதைதான். அந்தப் பொம்பள வடாலாவுலயே கேட்டுட்டா. இவ பழக்கத்துல செம்பூர்னு சொல்லிட்டா.”

“கார்கருக்கு வாரவ செம்பூர்னு எதுக்குச் சொன்னா?”

“தெனமும் சொல்லுத வாயி மதினி.”

“சரி, சொல்லிட்டா. எங்கிட்ட வாயத் தொறந்து இன்ன மாதிரின்னு ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?”

“நீங்க வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்கப்பிடாதா?”

சொல்லிவிட்டு எனக்கே பகீரென்றது. பெண்ணைப் பெற்றவள் பேசுகிற பேச்சா இது. மதினி என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். பிறகு தோள் குலுங்கியது. சிரிக்கிறார்கள் என்று தெரிய ஒரு நிமிஷம் ஆனது.

“தாயும் மவளும் ஒரே அச்சு,” என்றார்கள். “போனப் போடுங்க அவளுக்கு.”

போட்டுக் கொடுத்தேன். “ஏட்டி, நான் ஒன் அத்தை பேசுதேன். அன்னைக்கி எனக்குக் கால் ரொம்ப நொந்துச்சு தெரியுமா?”

அந்தப் பக்கம் நித்யா என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. மதினி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். “ம்… ம்… கால் வலிச்சதுக்கு மட்டுமா? சீட்டுக்குக் கெடயாதா?” என்று கேட்டுவிட்டு, போனைக் கையால் பொத்தி என்னைப் பார்த்தார்கள். “கெடயாதாம் மதினி. கறாராச் சொல்லுதா.” மறுபடி போனில், “சரிட்டி. காலுக்கு மட்டும் போதும். சீட்ட நான் கேக்கல. கட்டுனவன்கிட்ட சொன்ன சொல்லுக்கும் இப்பிடியே நிக்கணும், கேட்டியா,” என்றார்கள்.

இறங்கும்போது பையைப் பார்த்தேன். கொண்டு வந்த வாழைப்பழம் அப்படியே அதில் இருந்தது. கடையில் கொடுக்க மறந்துவிட்டார்களா, கொடுக்க மனம் வரவில்லையா, தெரியாது. குமார் வீட்டில் அதை நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டாகத் தின்றோம். நல்ல பசி.

7

தை மாதம் கல்யாணம் என்று பேசியிருக்கிறது. கல்யாணம் ஊரில், குடித்தனம் கார்கரில். நித்யா இப்போது ‘ழ’ வரைக்கும் வந்துவிட்டாள். குமார் வேண்டுமென்றே ‘ழ’ வருகிற சொல்லாகத் தேடி அனுப்புகிறான் என்று முறையிடுகிறாள். முறையீட்டில் கோபம் ஒன்றும் இல்லை.

ஊரில் இருந்து இனி யாராவது எப்பிடி இருக்கிய என்று கேட்டால், அதே பதிலைத்தான் சொல்வேன். அட்ஜஸ்ட் பண்ணித்தான் இருக்கிறோம், அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் எங்கே நெருங்குகிறோம், எங்கே பொறுக்கிறோம், எங்கே நகராமல் நிற்கிறோம் என்பதை இனிமேல் தமிழில் பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன். எல்லாவற்றுக்கும் கவிழ்த்து வைத்த அந்த ஒரு தட்டை இறக்கி வைத்தாகிவிட்டது.

மதினி ஊருக்குக் கிளம்பிய அன்று தாதர் ஸ்டேஷனுக்கு எல்லோரும் போனோம். ஏசி இல்லாத பெட்டி, ஜன்னல் ஓரம் இடம். பதிவு செய்த இடம், ஊர் வரை அவர்களுடையது. ஆனாலும் ஏறி உட்கார்ந்ததும் எதிரில் இருந்தவரிடம், “நீங்க எங்கன எறங்குவிய?” என்று கேட்டார்கள். குமார் தலையில் கை வைத்துக்கொண்டான். “எம்மா, இது லோக்கல் இல்ல. ஒனக்குத்தான் சீட்டு இருக்குல்லா.”

“கேட்டு வெச்சா என்னடா கொறஞ்சு போவுது.”

நித்யா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள். அவர்கள் முழங்காலுக்கு ஒரு தைலம் வாங்கி வந்திருந்தாள், அதைக் கம்பி வழியாகக் கொடுத்தாள். வண்டிக்குச் சிக்னல் விழுந்தது. அவளுக்கு என்ன தோன்றியதோ, சிரித்துக்கொண்டே கேட்டாள்.

“அத்தை, நீங்க எங்க இறங்குவீங்க?”

மதினி தைலத்தை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார்கள். கை அப்படியே நின்றது. அவளை நிமிர்ந்து பார்த்தார்கள். சிரிக்கவில்லை.

“கேட்டுட்டேல்லா,” என்றார்கள். “அப்ப எனக்கப்புறம் என் எடம் ஒனக்குத்தான். எவ வந்து நின்னாலும் குடுக்க மாட்டேன்.”